தெரியாதுன்னு சொல்ற அக்கா

ஆரணியில் இடுப்பு வலி இல்லாத வீட்டைத் தேடினால் அது பூட்டின வீடாகத்தான் இருக்கும். காலைத் தறிக்குழிக்குள் விட்டு, முதுகை வளைத்து, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு இடுப்பு வலி வராமல் பல் வலியா வரும்? அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிசியோதெரபி கடை போட்டால் (கடை என்றுதான் சொல்லுவோம், கிளினிக் என்று யார் வாயிலும் வராது) கூட்டம் அள்ள வேண்டும். ஆனால் அப்படிக் கடை போட்ட அக்காவிடம் பெஞ்சு பாதிக்கு மேல் நிரம்பி நான் பார்த்ததில்லை. காரணம் அவருடைய வாய்.

வாய் என்றால் சண்டைக்கார வாய் இல்லை. "தெரியாதுங்க" என்று பட்டென்று சொல்லிவிடுகிற வாய்.

"எத்தினி நாள்ல சரியாகும் மேடம்?"

"தெரியாதுங்க. மூணு வாரம் செஞ்சி பாத்துட்டுச் சொல்றேன்."

"முழுசா சரியாயிடுமா?"

"அதுவும் தெரியாது. கொறையும். எவ்ளோ கொறையும்னு இப்பவே சொன்னா அது பொய்யி."

வந்தவர் முகம் சுருங்கிவிடும். வைத்தியம் பார்க்க வருகிறவனுக்கு முதலில் வேண்டியது மருந்தா? தைரியம்தானே? நான்கு தெரு தள்ளி எண்ணெய்க் கட்டு போடுகிற ஒருவர் இருந்தார். மூன்றே கட்டில் ஓட வைக்கிறேன் என்பார். அவர் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. கட்டு போட்ட ஆள் ஓடினானா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. அக்காவிடம் வந்தவர்கள் பாதிப் பேர் ஒரு வாரத்தில் அங்கே போய்விடுவார்கள். "போறவங்க போகட்டும், அவருகிட்டயாவது கொறைஞ்சா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு அக்கா பெஞ்சுத் துணியை மடித்து வைப்பார். கோபமே வராதா இந்தப் பொம்பளைக்கு என்று எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

கடை ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஏறும்போதே திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா மேலே நின்று அவர்கள் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள், எந்தப் பக்கம் சாய்கிறார்கள், எந்தப் படியில் மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, "ஆஹா, நோயாளி நடக்கறதப் பாக்கறதுக்கேதான் மேடம் மாடியில இடம் புடிச்சிருக்காங்க, இன்னா மூளை பாரு" என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் சிரித்துக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"இல்ல சார். கீழ வாடகை கட்டுப்படியாகல. படி இருக்குதேன்னு பாக்க ஆரம்பிச்சேன், அவ்ளோதான்" என்றார் அக்கா.

இன்னொரு தடவை ஒரு பட்டுக் கடை முதலாளி. கட்டிலில் படுத்துக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். தேவிகாபுரம் பக்கம், தினம் பஸ்ஸில் வருகிறேன் என்றார் அக்கா. அப்பா என்ன செய்கிறார் என்றார். ஏர் ஓட்டப் போவார், அம்மா நடவுக்குப் போவார்கள், சொந்த நிலம் இல்லை என்றார். முதலாளிக்கு இன்னும் தெரிய வேண்டியது பாக்கி இருந்தது. "ஊருல எந்தத் தெரு?" என்றார்.

"காலனிங்க. இப்ப காலை நீட்டுங்க."

முதலாளி காலை நீட்டினார். அன்றைக்கு வைத்தியம் முழுதாகச் செய்துகொண்டார், நன்றியும் சொன்னார், மறுநாளிலிருந்து வரவில்லை. நான் அடுத்த கட்டிலில் படுத்திருந்தேன். எங்கள் தெரு ஆட்களும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்தான். நேராகக் கேட்க மாட்டார்கள், சுற்றி வளைத்துக் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஏன் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்து பனை மாதிரி வளர்ந்துவிட்டேன். சென்னையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே என் உயரத்தையும் கை நீளத்தையும் பார்த்து ஒரு கோச் என்னைத் துடுப்புப் படகில் உட்கார வைத்துவிட்டார். எங்கள் ஊர் ஆற்றில் நல்ல மழை பெய்தால்தான் தண்ணீர். நான் குட்டையில்கூடக் கால் நனைக்காதவள். "பொண்ணு மீன் புடிக்கவா போவுது?" என்று தெருவில் கேட்டார்கள். அப்பா எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினார். இது மீன் படகு இல்லை, பந்தயப் படகு, நான்கு பேர் உட்கார்ந்து பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டு முன்னால் போவார்கள் என்றார். அதைக் கேட்டு இன்னும் சிரித்தார்கள்.

ஆனால் படகு எனக்கு வந்துவிட்டது. இரண்டாம் வருஷத்தில் மாநில அணித் தேர்வுக்கு என் பேர் இருந்தது. தேர்வானால் விடுதியும் படிப்பும் இலவசமாகத் தொடரும், பின்னால் விளையாட்டுக் கோட்டாவில் ஒரு சீருடை வேலைக்கு வழி இருக்கும். ஆகாவிட்டால்? அப்பா அதையும் சொல்லியிருந்தார். "ஆவலன்னா இன்னா, வந்துடு. உனுக்குன்னு ஒரு தறி காலியாத்தான் இருக்குது." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து நான் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன்.

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. கோச் ஊருக்கு அனுப்பிவிட்டார். வைத்தியம் பார்த்துக்கொண்டு, துடுப்பு போடலாம் என்று வைத்தியம் பார்த்தவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் உன் இடத்தில் வேறு பெண்ணை உட்கார வைப்பேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இப்படித்தான் நான் இருபத்திரண்டு படி ஏறினேன்.

அக்கா என் இடுப்பைத் தொடவே இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலைத் தூக்கினார். பாதி வழியிலேயே பின்தொடை கயிறு மாதிரி இழுத்துக்கொண்டது. கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினார். அந்தக் கடைக்கு வந்த நெசவுக்காரர்கள் எல்லாரும் சொன்ன புகார் இதுதான். வலி இடுப்பில், அந்த அம்மா தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். நானும் கேட்டேன்.

"இந்தப் பின்தொடைச் சதை மேல எங்க போயி ஒட்டிக்கினு இருக்குது தெரியுமா? இடுப்பெலும்புல. இது இழுத்துப் புடிச்சிகினா உன் இடுப்பு முன்னால சாயாது. ஆனா துடுப்பு போட நீ முன்னால போயே ஆவணும். அப்ப இன்னா ஆவும்? இடுப்பு சாயறதுக்கு பதிலா முதுகு வளையும். ஒரு காலையில எத்தினி தரம் இழுப்பே?"

"ஆயிரம் தரம் இருக்கும்க்கா."

"ஆயிரம் தரம் அந்த முதுகு கூலி இல்லாம வேல செய்யுது. அதான் கத்துது. நம்ம சதைய இளக்கிப் பாக்கலாம்."

"தேர்வுக்குள்ள சரியாயிடுமா?"

"தெரியாது."

வைத்தியம் இப்படி இருக்கும். நான் படுத்துக்கொண்டு என் குதிகாலை அவர் தோள்மேல் வைக்க வேண்டும். "கீழ அழுத்து" என்பார். ஆறு எண்ணும்வரை என் காலால் அவர் தோளை அழுத்த வேண்டும். "விடு" என்பார். விட்டதும் சதை கொஞ்சம் ஏமாந்துபோகும், அந்த நேரம் பார்த்துக் காலை இன்னும் ஒரு விரற்கடை மேலே கொண்டுபோவார். மறுபடி அழுத்து, மறுபடி விடு. வீட்டுக்குப் போய் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி நானே இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு வைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டை முதுகை விட்டு விலகாமல் இடுப்பிலிருந்து மட்டும் குனியப் பழக வேண்டும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "வீட்டப் பெருக்குடின்னா அத்த முதுவுல கட்டிக்கினு நிக்கறா பாரு" என்றாள்.

எல்லாம் முடிந்தபின் தினமும் ஒரு கேள்வி. நிற்க வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் வைக்கச் சொல்லி, "பின்னால வளை. வலிக்குதா?" என்பார்.

எதற்குக் கேட்கிறார் என்பதை முதல் நாளே விளக்கமாகச் சொல்லிவிட்டார். முன்னால் குனியும்போது வலித்தால் அது என் வேலை, பார்த்துக்கொள்ளலாம். பின்னால் வளையும்போது வலித்தால் முதுகெலும்பில் கீறல் இருக்கலாம், உன் வயதில் இந்த மாதிரி விளையாட்டுக்காரர்களுக்கு வருகிறது என்று படித்திருக்கிறேன், அது என் கையில் இல்லை, ஸ்கேன் எடுக்க வேண்டும், மூன்று மாதமாவது படகுப் பக்கமே போகக் கூடாது என்றார்.

நான் வளைந்தேன். இடது பக்கம் ஊசி இறங்குகிற மாதிரி சுரீர் என்றது.

"இல்லக்கா."

நான் பொய் சொல்கிற பெண் இல்லை என்று இப்போதும் சொல்லிக்கொள்வேன். அது எங்கள் வீட்டில் யாருக்கும் பொய்யாகவே தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி பத்து நாளுக்கு ஒரு தடவை சேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வருவார். வந்தவுடன், "உடம்பு எப்படி?" என்பார். அது நலம் விசாரிப்பு இல்லை. முடியவில்லை என்று சொன்னால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் தெரு முனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டவுடனே அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எழுந்திருப்பதை முதலாளி பார்த்துவிடக் கூடாது. அவர் உள்ளே நுழையும்போது அப்பா நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருப்பார். "எனக்கு இன்னாங்க, ஒண்ணும் இல்லங்க." பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால் அவர் கையில் நம்முடைய அடுத்த பாவு இருக்கிறது என்றுதான் எனக்கு அர்த்தம்.

அக்கா கையில் என் கடிதம் இருந்தது. நானும் அப்பா செய்ததையே செய்தேன். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து உண்டு. மாடி ஏறுவதற்கு முன்னால் அங்கே நின்று பத்துத் தரம் பின்னால் வளைந்து, அந்த வலியை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். மேலே போய் வளையும்போது முகம் மாறாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொடை வைத்தியம் நிஜமாகவே வேலை செய்தது. ஐந்தாவது வாரத்தில் என் கால் நட்டுக்குத்தாக நின்றது. குனிந்தால் வலி பாதிக்கு மேல் போய்விட்டது. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். நோட்டைத் திருப்பி முதல் நாள் அளவையும் அன்றைய அளவையும் எனக்குக் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குச் சிரித்தார்.

ஆறாவது வாரம் கடிதம் கேட்டேன். எழுதினார், நன்றாகத்தான் எழுதினார், நடுவில் 'எனக்குத் தெரிந்தவரை' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார். படம் பிடித்துக் கோச்சுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "தெரிந்தவரைன்னா என்ன அர்த்தம்? ஓட்டலாமா கூடாதா, ரெண்டுல ஒண்ணு எழுதச் சொல்லு. இத வெச்சிக்கிட்டு நான் கமிட்டி முன்னாடி நிக்க முடியாது." அக்காவிடம் சொன்னேன். அந்த வார்த்தையை எடுத்துடுங்க அக்கா என்று கெஞ்சினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"படகு ஓட்டற உடம்ப நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்லமா. தறிக்காரங்க உடம்பு தெரியும், நடவு நடறவங்க உடம்பு தெரியும். இது படிச்சதுதான்."

"இது போனா எனக்கு வேற ஒண்ணும் இல்லக்கா."

"உண்மையச் சொல்லு. பின்னால வளைஞ்சா ஒண்ணும் இல்லயே?"

"சத்தியமா இல்லக்கா."

புதுக் காகிதம் எடுத்தார். தெரிந்தவரை என்கிற வார்த்தை இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

தேர்வில் படகில் ஏறுவதற்கு முன்னால் தரையில் வைத்த துடுப்பு மெஷினில் இழுக்க வேண்டும். பாதிக்கு மேல் நன்றாகவே போனேன். பின்தொடை இளகியதால் முன்பைவிட நீளமாக எட்டியது, அது எனக்கே தெரிந்தது. கடைசியில் வேகம் கூட்டி உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கிற இடத்தில் இடுப்புக்குள் எதுவோ விட்டுப்போனது. கைப்பிடியை விட்டுவிட்டேன். என்னால் அந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஸ்கேனில் கீழ் முதுகெலும்பில் கீறல். இப்போது வந்ததில்லை, சில மாதமாகவே இருந்திருக்கும், வேலை கொடுத்ததில் பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். அந்த வருஷம் போச்சு, இடம் போச்சு, அதோடு விடுதியும் போச்சு.

கோச் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். அது எனக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரியும்.

ஒரு வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு, கடையைப் பூட்டிவிட்டு வந்தார். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் நடந்து வர வர ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் நின்றது. அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுப் பாய் போட்டாள். அக்கா பாயில் உட்காரவில்லை, தறிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். அப்பா குழியிலிருந்து எழுந்து வந்தார். நான் சுவரோரமாக இடுப்பில் பெல்ட்டோடு படுத்திருந்தேன்.

"கோச் போன் பண்ணாருங்க. உங்க பொண்ணுக்கு நான் தப்பா எழுதிக் குடுத்துட்டேங்க" என்றார் அக்கா. "சதை இளகினதப் பாத்து சந்தோஷத்துல எலும்பப் பாக்காம வுட்டுட்டேன். ஸ்கேன் எடுத்துட்டு வான்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியாத உடம்பு. தெரியாதுன்னு எழுதியிருக்கணும். என் தப்புங்க. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அப்பா தோள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வலிக்குதான்னு இவளக் கேட்டீங்களாம்மா?"

"தெனம் கேட்டேங்க."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாதான் அக்கா பக்கம் திரும்பினார்.

"வுடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சி."

அக்கா தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டில் பேச்சு கேட்டது. "அந்தப் பக்கத்து ஆளுங்க வைத்தியம்னா அப்படித்தான் இருக்கும்." எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம். அப்பா குழிக்குள் காலை விட்டார். தறி ஓட ஆரம்பித்தது.

எட்டு மாதத்தில் என் முதுகெலும்பு கூடிவிட்டது. படகுக்குத் திரும்பிப் போகவில்லை. உடற்கல்வி ஆசிரியர் படிப்பில் சேர்ந்தேன். தறியில் உட்காராமல் தப்பித்துவிட்டேன் என்றுகூட ஒரு சந்தோஷம். அக்கா கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தேன்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் போளூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்தாள். கபடி ஆடுகிறவள், மாவட்ட அணியில் இருக்கிறாள். குனிந்து பையை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் அப்படியே முட்டியை மடக்கினாள். எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நாலு மாசமா இருக்குதுக்கா. அந்த மாடி பிசியோ அக்காகிட்டப் போனேன். வெளையாட்டுப் பசங்க உடம்பு எனுக்குத் தெரியாதும்மா, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுன்னு சொல்லிட்டாங்க. எல்லா வெளையாட்டுப் புள்ளைங்களையும் அப்படித்தான் திருப்பி அனுப்பறாங்களாம்."

"வேலூர் போனியா?"

"அப்பா எங்க கூட்டிக்கினு போவாரு? ஆட்டத்த வுட்டுடுன்றாரு."

அன்றைக்கே நான் போயிருக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அந்த மாடிக்குப் போயிருக்க வேண்டும். மானம் பெரிதாக இருந்தது. இன்றைக்குப் போகலாம், பரீட்சை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று இன்னும் எட்டு மாதம் ஓட்டினேன். இதை எழுதும்போது அந்த எட்டு மாதம்தான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கேவலமாக இருக்கிறது.

கடைசியில் போனேன். மத்தியானம். பெஞ்சில் யாரும் இல்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவில் தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முதுகு எப்படி இருக்குது?" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச முடியாது என்று தெரியும். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். முதல் நாளிலிருந்தே பின்னால் வளைந்தால் வலித்தது, ஒரு நாள்கூட வலிக்காமல் இருந்ததில்லை, சந்தில் நின்று வளைந்துவிட்டு வருவேன், சத்தியம் பண்ணினதும் பொய் என்று சொன்னேன். எங்க வீட்டுக்கு நீங்க வந்தப்பவும் எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும் அக்கா என்றேன்.

அவர் கை டப்பாவிலேயே நின்றது. அழுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தனக்குள் பேசுகிற மாதிரி, "அப்ப நான் கேட்ட கேள்வி சரிதான்" என்றார். டப்பாவை மூடி வைத்தார். "ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கலாம். அது என் தப்புதான். ஆனா பாத்தது சரி. எனக்கு அந்த உடம்பு தெரிஞ்சிதான் இருந்திருக்குது."

பிறகுதான் கோபம் வந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. குரல் மட்டும் உயரவில்லை.

"இந்த ரெண்டே முக்கால் வருஷத்துல எத்தினி பொண்ணுங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன் தெரியுமா உனுக்கு? நீ என்னை எதுல வேணும்னாலும் ஏமாத்திக்கோ. தெரிஞ்சதத் தெரியாதுன்னு சொல்ல வெச்சிட்டியே."

நான் மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, மேஜை இழுப்பறையைத் திறந்து, வந்து போனவர்கள் பேர் எழுதுகிற பெரிய நோட்டை எடுத்தார். பின்னாலிருந்து பக்கத்தைத் தள்ளினார். ஒரு பேர்மேல் விரலை வைத்துக்கொண்டு போனை எடுத்து, காதில் வைக்காமல் மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நோட்டில் எழுத ஒரு கை வேண்டும் அல்லவா.

"ஆரணி பிசியோ அக்கா பேசறேன்மா. போன வருஷம் கபடி ஆடி முதுகு வலின்னு வந்தே இல்ல? எனுக்குத் தெரியாதுன்னு திருப்பி அனுப்பிச்சேன். நான் சொன்னது தப்பு. எனுக்குத் தெரியும். நீ வா, பாக்கலாம்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் கேட்ட அதே குரல்தான்.

"இப்ப ஆடறதில்லக்கா. கல்யாணம் ஆயி அஞ்சு மாசம் ஆவுது. வந்தவாசியில இருக்கறேன்."

"சரிம்மா. வலி இருக்குதா?"

"தண்ணிக் கொடம் தூக்கினா இருக்குதுக்கா."

"எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

போன் நின்றது. அக்கா அந்தப் பேருக்கு எதிரே ஏதோ எழுதினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலைக் கீழே நகர்த்தி, அடுத்த பேரைப் படித்துவிட்டு, நம்பரை அழுத்த ஆரம்பித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பேர் வரைக்கும் கேட்டேன்.